பெரம்பூர் வீட்டுக் கணினியில் விண்டோஸ் கேம்கள்: லினக்ஸ் மின்ட்டுக்கு மாறிய ஒரு மெஷினின் நிகழ்வு ஆய்வு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட பிராண்டட் மேசைக்கணினி அது. இன்டெல் ஐ5-7500 பிராசசர், 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க், 240 வாட் எஸ்எம்பிஎஸ் (மின் வழங்கி). கேம் ஆடுவதற்காகப் பிறகு ஒரு ஜிடிஎக்ஸ் 1650 கார்டு போட்டிருந்தார்கள், 4 ஜிபி நினைவகத்துடன். பெரம்பூரில் ஒரு கல்லூரி மாணவரின் வீடு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. இந்தப் பிராசசர் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல், தெரிந்த டெக்னீஷியன் ஒருவரை வைத்து லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டார்கள். சில நாள் ஓடியது. பிறகு, கேம்களை வாங்கி ஆடும் செயலியான ஸ்டீம் பற்றிப் புகார் வந்தது:

"அண்ணா, பிளே அழுத்தினா ஸ்டாப்னு மாறுது, ரெண்டு செகண்டுல திரும்பப் பிளேன்னே வந்துடுது. எரர் கூட வரல. எல்லா கேமும் இப்படித்தான். லினக்ஸ்ல கேம் ஓடாதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னது சரிதான் போல."

புகார் ஒன்றுதான். காரணங்கள் நான்கு, நான்கும் வெவ்வேறு அடுக்கில் இருந்தன. இவற்றுக்கு அப்பால், கோளாறே அல்லாத ஒரு தடையும் இருந்தது. இப்படி ஒரு கணினி கைக்கு வந்தால் பலரும் முதலில், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருளான புரோட்டானின் பதிப்பை மாற்றிப் பார்ப்பார்கள், அல்லது இணையத்தில் கிடைத்த லாஞ்ச் ஆப்ஷன்களை (கேம் தொடங்கும்போது கொடுக்கும் கூடுதல் ஆணைகளை) ஒட்டிப் பார்ப்பார்கள். அது மேல்மாடியிலிருந்து அஸ்திவாரத்தைத் தேடுவது. கார்டு, டிரைவர், டிஸ்க், புரோட்டான், கடைசியில் கேம் என்று கீழிருந்து மேலே வர வேண்டும். இந்த மெஷின் அதற்கு நல்ல சாட்சி.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கையை வைக்கும் முன் கேட்டது ஒன்றுதான்: என்னென்ன கேம் ஆட வேண்டும்? மாணவர் சொன்ன பட்டியல்: வாலரன்ட், ஜிடிஏ 5, விட்ச்சர் 3, கவுன்டர் ஸ்ட்ரைக் 2, நண்பர்களோடு ஆட இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி.

இந்தப் பட்டியலில் வாலரன்ட் லினக்ஸில் ஓடாது. அதன் வேன்கார்ட் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே டிரைவராக உட்காருகிறது. லினக்ஸில் விண்டோஸ் கெர்னல் என்ற ஒன்றே இல்லை என்பதால் எந்த மொழிமாற்று அடுக்காலும் அதைச் சரிக்கட்ட முடியாது. மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் போட்டு ஆடலாமா என்றால், அதையும் வேன்கார்ட் கண்டுபிடித்துத் தடுக்கும். சுற்றுவழி தேடுவது கணக்கை இழப்பதில் போய் முடியும். எஃப்சி வரிசையும் அப்படித்தான். ஃபிஃபா 23 முதல் இஏ தன் சொந்தக் கெர்னல் மட்டத் தடுப்பைப் பயன்படுத்துகிறது.

ஜிடிஏ 5 இரண்டுங்கெட்டான். கதைப் பகுதி நன்றாக ஓடும். ஆன்லைன் பகுதியில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ தடுப்பைச் சேர்த்தார்கள். லினக்ஸுக்கு அதைத் திறந்துவிடவில்லை. பேட்டில்ஐ, ஈஸி ஆன்ட்டி சீட் இரண்டுமே 2021-லிருந்து புரோட்டானில் வேலை செய்யும் வசதியுள்ளவை. ஆனால் அந்த வசதியை இயக்குவது கேம் நிறுவனத்தின் விருப்பம். அதனால்தான் ஈஸி ஆன்ட்டி சீட் உள்ள எல்டன் ரிங் லினக்ஸில் ஆன்லைனிலும் ஓடுகிறது, அதே தடுப்பு உள்ள ஃபோர்ட்நைட் ஓடுவதில்லை. ஒருமுறை ஓடியது என்றும் ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை: ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் இறுதியில் நிறுத்திவிட்டார்கள்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. விட்ச்சர் 3 தனி ஆள் ஆட்டம், தடுப்பு ஏதும் கிடையாது.

இதை மாணவரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாலரன்ட்தான் உயிர் என்பவருக்கு லினக்ஸைப் பரிந்துரைப்பது அவருக்குச் செய்யும் துரோகம். அவருக்கு இன்னொரு எஸ்எஸ்டியில் விண்டோஸ் வைத்துக்கொள்வதுதான் சரி. இவர் வாலரன்ட்டை விடத் தயார், மற்றவை ஓடினால் போதும் என்றார். வேலை தொடங்கியது.

கேம் எப்படி ஓடுகிறது

கோளாறு எங்கே என்று புரிய, அடுக்குகளைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது அவசியம். அடியில் இருப்பது வைன். 1993-ல் தொடங்கி, 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் வழிநடத்தும் கட்டற்ற மென்பொருள் திட்டம். இது விண்டோஸ் கணினியைப் போலி செய்வதில்லை; விண்டோஸ் நிரல் கேட்கும் ஒவ்வொரு அழைப்பையும் லினக்ஸுக்குப் புரியும் அழைப்பாக மாற்றிக் கொடுக்கிறது. நிரலின் கட்டளைகள் பிராசசரில் நேரடியாகவே ஓடுகின்றன. படம் வரையும் வேலைக்கு விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸின் 9, 10, 11 அழைப்புகளை, லினக்ஸிலும் ஓடும் கிராபிக்ஸ் முறையான வல்கனாக மாற்றுவது டிஎக்ஸ்விகே. பிலிப் ரெபோலே தொடங்கி 2018-ல் முதல் வெளியீடு கண்டது. டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான். இவற்றையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஸ்டீமுக்குள் ஒரு சொடுக்கில் வேலை செய்யும்படி வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டதுதான் புரோட்டான்.

இதில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று: எல்லா வழியும் வல்கனில் போய் முடிகிறது. வல்கன் டிரைவர் சரியில்லை என்றால் மேலே எதை மாற்றினாலும் பலன் இல்லை. புரோட்டான் 8 முதல் வல்கன் 1.3 கட்டாயம். மலிவாகக் கிடைக்கிறதே என்று கெப்ளர் தலைமுறை ஜிடி 710 வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அதற்கான என்விடியா டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது, அது வல்கன் 1.2-ஐத் தாண்டாது. புரோட்டான் 7 வைத்துப் பழைய கேம்களை ஆடலாம், அவ்வளவே. கேம் ஆட என்று புதிதாகக் காசு கொடுத்து அந்தக் கார்டை வாங்கவே கூடாது.

ஜிடிஎக்ஸ் 1650 இந்த மெஷினுக்குச் சரியான தேர்வு. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் ஓடும் மாடல்கள் உண்டு. அலுவலகக் கணினிகளின் 240 வாட் எஸ்எம்பிஎஸ்-இல் கார்டுக்கான தனி 6 பின் வயர் வராது. 1650-இலேயே 6 பின் கேட்கும் மாடல்களும் இருக்கின்றன; கடையில் கார்டின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண கேபினட்டும் நல்ல எஸ்எம்பிஎஸ்-உம் உள்ளவர்களுக்கு ஏஎம்டி கார்டு இன்னும் நிம்மதி. அதன் டிரைவர் கெர்னலிலும் மீசா என்ற கிராபிக்ஸ் நூலகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதையும் ஏற்ற வேண்டாம்.

முதல் கோளாறு: டிரைவர்

டெர்மினலில், வல்கன் நிலையைக் காட்டும் வல்கன்இன்ஃபோ நிரலைச் சுருக்க வடிவில் ஓட்டியதும் விஷயம் தெரிந்துவிட்டது. கார்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று வந்தது. அது மென்பொருள் வழியாகப் படம் வரைவது. கிராபிக்ஸ் கார்டு வேலையே செய்யவில்லை, பிராசசர்தான் எல்லாவற்றையும் சுமக்கிறது. அப்படி ஒரு நிலையில் கேம் திறக்காது, திறந்தாலும் ஸ்லைடு ஷோ போல நகரும். கொஞ்ச நாளாகத் திரையில் ஐகான்கள் பெரிதாகத் தெரிந்ததை வீட்டில் கவனித்திருக்கிறார்கள். அதை மானிட்டர் கோளாறு என்று நினைத்துவிட்டார்கள். ரெசல்யூஷன் விழுந்துபோனது டிரைவர் இல்லாததால்தான்.

காரணம் இது. முதலில் ஏற்றியவர் விண்டோஸ் பழக்கத்தில் என்விடியா இணையதளத்திலிருந்து ரன் கோப்பை இறக்கி நிறுவியிருந்தார். அப்படி நிறுவும் டிரைவர், அப்போது ஓடும் கெர்னலுக்காகக் கட்டப்படுகிறது. நிறுவும்போது, கெர்னல் மாறினால் டிரைவரைத் தானாக மறுபடி கட்டும் டிகேஎம்எஸ்-இல் பதிவு செய்யாவிட்டால், அப்டேட் மேனேஜர் புதிய கெர்னலைக் கொண்டுவந்த அன்றே டிரைவர் காணாமல் போகும். சில நாள் ஓடி நின்றதற்கு விளக்கம் இதுவே.

சரிசெய்த முறை: நிர்வாகி உரிமையோடு என்விடியா-அன்இன்ஸ்டால் கட்டளையை ஓட்டி அந்த டிரைவரை முழுதாக நீக்கி, ரீஸ்டார்ட். பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரைத் தேர்ந்து நிறுவி, மறுபடி ரீஸ்டார்ட். 550 வரிசையோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. இந்த வழியில் நிறுவினால் 32 பிட் நூலகங்களும் சேர்ந்தே வரும். ஸ்டீமுக்கும் பழைய கேம்கள் பலவற்றுக்கும் அவை தேவை. அவை இல்லாவிட்டால் புதிய கேம் ஓடும், 2010-க்கு முந்தைய கேம் ஓடாது என்ற குழப்பமான நிலை வரும்.

கையொப்பமில்லாத டிரைவரை ஏற விடாத செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்ததால் இன்னொரு படி. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை கணினி எழும்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி காத்திருக்கும். அழுத்தி, என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, எஸ் என்று வரிசையாகப் போய் அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியைத் தவறவிட்டால் கணினி வழக்கம்போல எழுந்துவிடும், டிரைவர் மட்டும் ஏறாது. பலர் இதைப் பயமுறுத்தும் திரை என்று நினைத்து அணைத்துவிடுகிறார்கள். லினக்ஸ் மட்டுமே உள்ள கணினியில் பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதும் ஒரு வழி.

உறுதி செய்ய இரண்டு சோதனை. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை டிரைவர் பதிப்பு, வெப்பம், நினைவகம் அடங்கிய அட்டவணையைக் காட்ட வேண்டும். வல்கன்இன்ஃபோவில் கார்டின் பெயர் வர வேண்டும். முதல் கட்டளை பதிப்புப் பொருத்தமின்மை என்று குறை சொன்னால், அப்டேட் ஆன பிறகு ரீஸ்டார்ட் செய்யவில்லை என்று பொருள். மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்பதையும் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இது முடிந்ததும் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 திறந்தது. விட்ச்சர் 3 திறக்கவில்லை. அதே பிளே, ஸ்டாப், பிளே.

இரண்டாவது கோளாறு: டிஸ்க்

ஒரு கேம் ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை என்றால் இரண்டும் எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். கவுன்டர் ஸ்ட்ரைக் எஸ்எஸ்டியில் இருந்தது. விட்ச்சர் 3, விண்டோஸ் காலத்து 1 டிபி ஹார்டு டிஸ்க்கில், விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் இருந்தது. மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டாமே என்று ஸ்டீமுக்கு அந்த ஃபோல்டரையே லைப்ரரியாகக் காட்டியிருந்தார்கள். ஆசை நியாயமானதுதான். 100 எம்பிபிஎஸ் இணைப்பில்கூட 100 ஜிபி கேம் இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் என்டிஎஃப்எஸ் இங்கே இரண்டு விதத்தில் காலை வாரும். முதலாவது, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, டிஸ்க்கை அரைகுறை நிலையில் விட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் உள்ள பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. இரண்டாவது இன்னும் ஆழமானது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் காம்பட்டேட்டா என்ற ஃபோல்டரில் ஒரு சின்ன விண்டோஸ் உலகத்தை உருவாக்குகிறது. அதற்குள் சி டிரைவ், இசட் டிரைவ் என்று இணைப்புகள் இருக்கும், அவற்றின் பெயரிலேயே முக்காற்புள்ளி உண்டு. விண்டோஸ் விதிப்படி கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி கூடாது. பார்ட்டிஷனை மவுன்ட் செய்த (கணினியோடு இணைத்த) முறையைப் பொறுத்து, ஒன்று லினக்ஸ் அதை எழுத மறுக்கும். அல்லது எழுதிவிடும், அடுத்த முறை விண்டோஸின் டிஸ்க் சோதனை அதைச் சேதம் என்று கருதும். காம்பட்டேட்டாவை மட்டும் லினக்ஸ் பக்கம் வைத்து இணைப்பு கொடுக்கும் ஒட்டுவேலை ஒன்று உண்டு. விண்டோஸை இனித் தொடப்போவதில்லை என்கிற வீட்டில் அதற்குத் தேவையே இல்லை.

செய்தது: 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைச் சேர்த்து, டிஸ்க்ஸ் செயலியில் லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் ஃபார்மேட் செய்து, கணினி எழும்போதே மவுன்ட் ஆகும்படி அமைத்தோம். பழைய ஹார்டு டிஸ்க் இனி பேக்கப்புக்கு மட்டும்.

மவுன்ட் செய்வதில் இரண்டு கண்ணி. புதிதாக ஃபார்மேட் செய்த எக்ஸ்ட்4 பார்ட்டிஷனின் உரிமை நிர்வாகியான ரூட் பெயரில் இருக்கும். பயனர் பெயருக்கு மாற்றாவிட்டால் ஸ்டீமால் அங்கே எழுத முடியாது. இன்னொன்று, டிஸ்க்குகளை மவுன்ட் செய்யும் விதிகள் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் யூசர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், அதோடு நிரல்களை ஓட விடாத நோஎக்ஸெக்கும் ஒட்டிக்கொண்டு வரும். அப்போது ஸ்டீம், லைப்ரரிக்கு எக்ஸிக்யூட் அனுமதி வேண்டும் என்று சொல்லி மறுக்கும். யூசர் என்று எழுதாமல் டிஃபால்ட்ஸ் என்று விட்டால் போதும். டிஸ்க் கழன்று போனாலும் கணினி எழும்பத் தடை வராதிருக்க நோஃபெயில் என்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

கேமை மறுபடி இறக்கவில்லை. பழைய டிஸ்க்கின் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரில், காமன் என்பதற்குள் இருக்கும் கேம் ஃபோல்டரை அதே பெயரில் புதிய லைப்ரரியின் காமன் ஃபோல்டருக்குள் நகலெடுத்து, அதன் பிறகு ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுத்தால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துக் குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து 100 ஜிபி நகலாகக் கால் மணி முதல் அரை மணி ஆகும். இதே வீட்டு நெட்வொர்க்கில் இன்னொரு கணினியில் அந்தக் கேம் இருந்தால், ஸ்டீமே உள்ளூர் நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ளும் வசதியும் 2023-லிருந்து இருக்கிறது. மின்வெட்டில் நகலெடுப்பு பாதியில் நின்றால் பயப்பட வேண்டாம். கேமின் ப்ராப்பர்ட்டீஸில் கோப்புகளைச் சரிபார்க்கும் பொத்தான் இருக்கிறது.

மூன்றாவது: எபிக்கில் வாங்கிய ஜிடிஏ

மாணவரின் ஜிடிஏ 5 ஸ்டீமில் இல்லை. 2020 மே மாதம் எபிக் ஸ்டோர் அதை இலவசமாகக் கொடுத்தபோது எடுத்தது. சென்னையில் பலரிடம் அந்தப் பிரதிதான் இருக்கிறது. இதற்கு ஹீரோயிக் லாஞ்சர் என்ற கட்டற்ற செயலி. மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஃபிளாட்பேக் வடிவில் கிடைக்கும். நிறுவி, எபிக் கணக்கைச் சேர்த்து, கேமைப் புதிய எஸ்எஸ்டியில் போடச் சொன்னால், அந்த டிஸ்க்கே கண்ணில் படவில்லை.

ஃபிளாட்பேக் செயலிகள் வேலிக்குள் ஓடுபவை. வெளி டிஸ்க்கைப் பார்க்கத் தனி அனுமதி வேண்டும். ஃபிளாட்சீல் என்ற செயலியில் ஹீரோயிக்கைத் தேர்ந்து, ஃபைல்சிஸ்டம் பகுதியில் எஸ்எஸ்டி மவுன்ட் ஆகியிருக்கும் பாதையைச் சேர்த்து, ஹீரோயிக்கை மூடித் திறந்ததும் தெரிந்தது.

கேம் இறங்கியும் திறக்கவில்லை. ஸ்டீமில் எல்லாம் ஓடுகிறது, ஹீரோயிக்கில் மட்டும் வல்கன் இல்லை என்கிறது. ஃபிளாட்பேக் தனக்கென்று என்விடியா நூலகத்தின் ஒரு பிரதியை வைத்திருக்கிறது. அதன் பதிப்பு எண் கணினியின் டிரைவர் பதிப்போடு புள்ளி வரை பொருந்த வேண்டும். நாம் டிரைவரை மாற்றியிருந்தோம், ஃபிளாட்பேக் பக்கம் பழையதே இருந்தது. ஃபிளாட்பேக் அப்டேட் ஓட்டியதும் புதியது இறங்கியது. என்விடியா டிரைவர் மாறும் ஒவ்வொரு முறையும் இது தேவை. அப்டேட் மேனேஜரில் ஃபிளாட்பேக்குகளும் தானாகப் புதுப்பிக்கும்படி டிக் செய்துவிட்டால் மறந்துபோகாது.

இதன் பிறகு ராக்ஸ்டார் லாஞ்சர் தன்னை நிறுவிக்கொண்டு, கதைப் பகுதி ஓடத் தொடங்கியது.

நான்காவது: விட்ச்சர் 3-இன் திக்கல்

இது நான்கிலும் நுணுக்கமானது. கேம் திறக்கிறது. ஆனால் ஊருக்குள் நுழைந்தால் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது. இதற்குள் மாணவர் டைரக்ட்எக்ஸ் 12, 11 இரண்டிலும் ஓட்டிப் பார்த்திருந்தார். 12-இல் திக்குகிறது, 11-இல் இன்னும் மோசம், ஆகவே கார்டுக்குத் திராணி இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

ஆட்டத்தின் மேலேயே அளவுகளைக் காட்டும் மேங்கோஹட் நிறுவி, அதை அமைக்கும் செயலியான ஜிஓவர்லே வழியாக விடியோ நினைவக அளவையும் காட்டச் சொல்லி ஓட்டியதில் 12-இன் கதை தெரிந்தது. 2022 டிசம்பரில் வந்த பெரிய அப்டேட்டில் சேர்ந்த டைரக்ட்எக்ஸ் 12 வடிவம் நினைவகத்தை நிறைய விழுங்குகிறது. 4 ஜிபி விளிம்பைத் தொட்டதும் மிச்சத்தை ரேமில் வைக்க வேண்டி வருகிறது. ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் ஒரு திக்கல். பின்னணியில் பிரவுசர் திறந்திருந்தால் அதுவும் அதே 4 ஜிபியில் பங்கு கேட்கிறது.

அப்படியென்றால் 11-இல் நன்றாக ஓட வேண்டுமே? லாஞ்ச் ஆப்ஷன் பெட்டியைத் திறந்தால் இணையத்திலிருந்து ஒட்டிய நீண்ட வரி ஒன்று இருந்தது. அதில் புரோட்டானை வைன்டி3டி பயன்படுத்தச் சொல்லும் ஆணை ஒன்று. அது டிஎக்ஸ்விகேயை அணைத்துவிட்டு, பழைய ஓப்பன்ஜிஎல் வழியில் படம் வரையச் சொல்கிறது. வல்கன் இல்லாத பழைய கார்டுகளுக்கு வைத்திருக்கும் வழி அது. கூடவே ஈசிங்க், எஃப்சிங்க் இரண்டையும் அணைக்கும் ஆணைகள். கேமின் பல இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் வேலையைச் சுலபமாக்குபவை அவை. நான்கே கோர் உள்ள ஐ5-7500-இல் அவற்றை அணைப்பது நேரடி நஷ்டம்.

வைன்டி3டி ஆணை டைரக்ட்எக்ஸ் 12-ஐத் தொடுவதில்லை, ஏனென்றால் அது விகேடி3டி வழியாகப் போகிறது. ஆகவே 12 நினைவகத்தால் திக்கியது, 11 ஒட்டிய வரியால் திக்கியது. இரண்டு வேறு நோய்க்கும் ஒரே அறிகுறி. பெட்டியைக் காலி செய்து, டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்து, டெக்ஸ்ச்சர் அளவை ஒரு படி இறக்கியதும் ஆட்டம் சீரானது.

லாஞ்ச் ஆப்ஷன் பெட்டி காலியாக இருப்பதுதான் நல்ல தொடக்கம். இன்னொருவர் கார்டுக்கு, இன்னொரு புரோட்டான் பதிப்புக்கு எழுதிய வரி நமக்குப் பொருந்தும் என்று நம்பக் காரணமே இல்லை. ஒன்றைச் சேர்த்தால் ஓட்டிப் பார்த்து, பலன் இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். அந்தப் பெட்டியில் உண்மையிலேயே பயனுள்ள ஒரு வரி, பதிவுக் கோப்புக்கானது: ஆங்கிலப் பெரிய எழுத்தில் புரோட்டான், அடிக்கோடு, லாக், சமக்குறி, 1, ஓர் இடைவெளி, பிறகு இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் சிறிய எழுத்தில் கமாண்ட். கேம் சத்தமில்லாமல் மூடினால், ஹோம் ஃபோல்டரில் ஸ்டீம் என்று தொடங்கி கேமின் எண்ணோடு முடியும் லாக் கோப்பு கிடைக்கும். விட்ச்சர் 3-இன் எண் 292030. வல்கன் சாதனம் கிடைக்கவில்லையா, டிஸ்க்கில் எழுத முடியவில்லையா என்பது பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். வேலை முடிந்ததும் வரியை எடுத்துவிடுங்கள், கோப்பு வெகு வேகமாகப் பெருகும்.

ஷேடர் (படம் வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல்) பற்றியும் ஒரு வார்த்தை. கேம் தொடங்கும் முன் ஸ்டீம் வல்கன் ஷேடர்களைத் தயார் செய்கிறது என்று ஒரு பட்டை ஓடும். அதைப் பொறுமையின்றித் தாண்டுகிறவர்கள் உண்டு, இடம் மிச்சம் என்று அமைப்பிலேயே அணைத்துவிடுபவர்களும் உண்டு. இந்தக் கணினியில் அணைத்திருந்தார்கள். டிஎக்ஸ்விகே 2.0 முதல் ஷேடரால் வரும் திக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் ஷேடரோடு இன்னொன்றும் அதே வழியில்தான் இறங்குகிறது: காப்புரிமை உள்ள கோடெக்குகளில் இருக்கும் விடியோக்களை வால்வ் மாற்றித் தரும் வடிவம். அந்த அமைப்பை அணைத்தால் சில கேம்களில் இடைக்காட்சி விடியோவுக்குப் பதில் பழைய தூர்தர்ஷன் கலர் பட்டை போல ஒரு படம் வரும். அமைப்பை இயக்கினால் சரியாகும். ஸ்டீமுக்கு வெளியே உள்ள கேம்களுக்கு புரோட்டானின் சமூகப் பதிப்பான ஜிஇ-புரோட்டானை, புரோட்டான்அப்-க்யூடி என்ற செயலி வழியாக நிறுவிப் பயன்படுத்தலாம்.

சில்லறை விஷயங்கள்

ஜிடிஏவில் ஒருநாள் ஆள் நகரவே இல்லை என்றார். வீட்டில் அம்மா தமிழ்99-இல் எதையோ தட்டிவிட்டுப் போயிருந்தார், விசைப்பலகை தமிழிலேயே இருந்தது. சில கேம்களில் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகள் அந்த நிலையில் கேமுக்குப் போய்ச் சேர்வதில்லை. கேம் தொடங்கும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வதே வழி. தமிழில் எழுதும் வீடுகளில் டிரைவரைக் குறை சொல்லும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு நிரல் எத்தனை நினைவகப் பகுதிகளை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும், கெர்னலின் மேக்ஸ் மேப் கவுன்ட் என்ற எல்லை பற்றிப் பல குறிப்புகள் சுற்றுகின்றன. 65530 என்ற பழைய அளவு சில பெரிய கேம்களைக் கவிழ்த்தது நிஜம். மின்ட் 22 நிற்கும் உபுண்டு 24.04-இல் அது 1048576 ஆகிவிட்டது, எதையும் தொட வேண்டாம். மின்ட் 21-இல் இருப்பவர்கள் மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெப்பம் சென்னையில் தனிப் பாடம். அலுவலகக் கேபினட்டில் காற்றோட்டம் குறைவு, கத்திரி வெயிலில் மாடி அறையே கொதிக்கும். ஆட்டம் தொடங்கி அரை மணி கழித்துத்தான் வேகம் குறைகிறது என்றால் மென்பொருளை விட்டுவிட்டு மேங்கோஹட்டில் பிராசசர் வெப்பத்தைப் பாருங்கள். தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும்.

ஒப்படைக்கும்போது

இரண்டு பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தோம். கெர்னலோ என்விடியா டிரைவரோ அப்டேட் பட்டியலில் வந்தால், முதலில், கணினியின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட், பிறகு அப்டேட், உடனே ரீஸ்டார்ட். திரை வராமல் போனால், பூட் மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலில் எழுந்து, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு, ஆகவே இந்தப் பழக்கம் நெடுநாள் கைகொடுக்கும்.

இரண்டாவது, சேவ் கோப்பு. கேம் மக்கர் செய்தால் காம்பட்டேட்டாவில் அதன் எண்ணுள்ள ஃபோல்டரை அழித்துவிடு என்று எல்லோரும் எளிதாகச் சொல்வார்கள். அந்த ஃபோல்டருக்குள்தான் விண்டோஸின் டாக்குமென்ட்ஸ் இருக்கிறது, விட்ச்சர் 3 தன் சேவ்களை எழுதுவது அங்கேதான். கிளவுடில் ஏறாத சேவ் அழித்தால் போனது போனதுதான். அழிக்கும் முன் பிஎஃப்எக்ஸ், டிரைவ்-சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர், டாக்குமென்ட்ஸ் என்று உள்ளே போய், கேமின் பெயரில் உள்ள ஃபோல்டரை முழுதாகப் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். புதிய ஃபோல்டர் உருவாக கேமை ஒருமுறை திறந்து மூடி, பிறகு அதே இடத்தில் திரும்ப வைத்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். மாணவரை வைத்தே இதை ஒருமுறை முழுதாகச் செய்ய வைத்து, சேவ் திரும்பக் கிடைப்பதைத் திரையில் பார்த்த பிறகுதான் கணினி ஒப்படைக்கப்பட்டது.